பேரிங் கீரிங்

"குட் மார்னிங் எவ்ரிபடி" என்று சலவை இயந்திரத்தைப் பார்த்துச் சொல்கிறாள் பம்ப்காரி. ஒரு கையில் ஈரத் துவாலை, இன்னொரு கையில் துணி கவ்வும் கிளிப். கிளிப்பை நீட்டி, சுவரில் இல்லாத ஒரு படத்தைச் சுட்டிக் காட்டுகிறாள். இயந்திரம் தண்ணீரை இழுக்கும்போது மெதுவாகப் பேசுகிறாள்; அது குதித்துக் குதித்துத் துணியைப் பிழியும்போது தொண்டையைத் திறக்கிறாள். அந்த இரைச்சலையும் மீறிக் கேட்டால் கடைசி வரிசைக்கும் கேட்கும் என்பது அவள் கணக்கு.

சமையலறையில் அவள் கணவன் தட்டும் கரண்டியுமாக உட்கார்ந்திருக்கிறான். சாப்பிட அல்ல. அவன் பேருந்து ஓட்டுகிறவன், ஆங்கிலம் அரைகுறை. அவனுக்குக் கொடுத்திருக்கும் வேலை ஒன்றே ஒன்றுதான்: மனைவியின் வாயில் ‘கி’ வந்தால் தட்டில் ஓங்கித் தட்ட வேண்டும்.

"தி சென்சார் கின்சார்…"

டங்.

"யோவ், நல்லா சரளமா வந்துக்கிட்டு இருந்துச்சுய்யா!"

"சரளம் கிரளம் எல்லாம் எனக்குத் தெரியாது. கி வந்துச்சு, தட்டினேன்."

"இப்ப உன்னை யாரு தட்டறது?"

நாற்பதை எட்டப் போகிற பெண். அழகைப் பற்றிச் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. இடுப்பு பெருத்துவிட்டது, தலைமுடியைச் சீவினோமா என்று அவளுக்கே நினைவிருக்காது, நடந்தால் தரை அதிரும். குடிநீர் நிலையத்தில் பம்ப் பராமரிப்புப் பொறியாளராக இருந்தவள். பெயர் அங்கே ஒட்டிக்கொண்டது. நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை ஓடுகிற பம்பின் மேல் ஊன்றி, பிடியைக் காதோடு அழுத்தி, கண்ணை மூடி நிற்பாள். உள்ளே சுற்றுகிற தண்டைத் தாங்குவது பேரிங். அது தேய்கிறதா இல்லையா என்று அந்தச் சத்தத்தில் பிடிப்பாள். "பல்லைக் கடிக்குது, கழட்டுங்க" என்பாள். பல தடவை சரியாக இருக்கும். சில தடவை, கழற்றிப் பார்த்தால் பேரிங் புத்தம்புதிதாகப் பளபளக்கும். ஊருக்குத் தண்ணீர் நின்று போய், மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

"காது பொய் சொல்லுது. எனக்கு நம்பர் வேணும்" என்று கிளம்பியவள்தான், கல்லூரியை விட்டு அத்தனை வருடம் கழித்து முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தாள். பம்பின் உடம்பில் சென்சார்களை ஒட்டி, அதிர்வை அளந்து, பேரிங் கெட்டுப் போவதற்கு முன்பே சொல்லிவிட முடியுமா என்பது அவள் ஆராய்ச்சி. வேலையில் குறை சொல்ல முடியாது. பம்புக்குப் பக்கத்திலேயே பழியாய்க் கிடந்து அளந்தாள். வாயில்தான் வினை இருந்தது.

எதையும் ஒற்றையாகச் சொல்லிப் பழக்கமில்லாத வாய் அது. மழை கிழை, வால்வு கீல்வு, பம்ப் கிம்ப். ஒரு பொருளைக் கூப்பிட்டால் அதன் சொந்தபந்தம் எல்லாவற்றையும் சேர்த்தே கூப்பிடுகிற பேச்சு. நம் எல்லார் வீட்டிலும் இருப்பதுதான். இவளிடம் கொஞ்சம் தூக்கல்.

வருடாந்திர மதிப்பீட்டுக்குத் தமிழ் தெரியாத ஓர் அம்மையார் வெளியிலிருந்து தேர்வாளராக வந்திருந்தார். திரையில் பம்பின் வரைபடம். பம்ப்காரி அதைக் காட்டி, "ஆல் பேரிங் கீரிங் செக்டு" என்றாள். பேரிங் முதலான எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன் என்று அர்த்தம். நமக்குப் புரியும். அம்மையார் காதில் விழுந்ததோ கியரிங், பற்சக்கரம். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வரைபடத்தை உற்றுப் பார்த்தார். "இந்தப் பம்பில் கியரே இல்லையே. எதைச் சோதித்தீர்கள்? யார் சோதித்தது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

பம்ப்காரி வரைபடத்தைப் பார்த்தாள், அம்மையாரைப் பார்த்தாள். ‘கீ’ எங்கிருந்து வந்தது என்று இங்கிலீஷில் எப்படி விளக்குவது? தமிழிலேயே விளக்க முடியாத சங்கதி அது. உடனே அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் எழுந்துவிட்டார். நல்ல மனிதர், கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. ஆனால் ஒருவர் தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க அவருக்கு வராது. "நாங்கள் அளந்தோம், நாங்கள் ஒப்பிட்டோம்" என்று கடைசிக் கேள்வி வரை அவரே பதில் சொல்லி முடித்தார். இவள் பக்கத்தில் நின்றாள், கல்யாண வீட்டுக்கு வாடகைக்கு வந்த நாற்காலி மாதிரி.

குழு எழுதிக் கொடுத்த முடிவு இதுதான்: ஆராய்ச்சி நன்று, ஆனால் அது இந்த மாணவி செய்ததா என்பது தெளிவாகவில்லை. மறுபடியும் வந்து அவரே பேச வேண்டும். அப்போதும் தெளிவாகாவிட்டால் பதிவு ரத்து.

மாடிப்படி வளைவில் நின்று கணவனுக்குப் போன் போட்டாள். "நான் செஞ்ச வேலைய நான் செஞ்சேன்னு சொல்ல எனக்கு வாய் இல்லாமப் போச்சுய்யா."

"உனக்கா வாயில்ல? வெளிய சொல்லிராத, ஒருத்தரும் நம்ப மாட்டாங்க."

சிரித்தாள். அப்புறம்தான் அழுதாள்.

அறிவியல், பொறியியல் மாணவர்களுக்கு ஆங்கிலத்தில் கட்டுரை எழுதவும் மேடையில் பேசவும் சொல்லித்தருகிற வகுப்பு ஒன்று பல்கலைக்கழகத்தில் உண்டு; பம்ப்காரி அதில் போய்ச் சேர்ந்தாள். எழுத்துப் பலகை ஒட்டிய நாற்காலிகள், இரைந்துகொண்டே இருக்கும் புரொஜெக்டர். ஆசிரியை பம்ப்காரியை விட வயதில் சின்னவள். நீள வாக்கியத்தைக் கண்டால் வெட்டாமல் விடமாட்டாள் என்பதால் பிள்ளைகள் வைத்த பெயர் கத்தரிக்கோல். பம்ப்காரி எழுதிய சுருக்கத்தைத் திரையில் போட்டாள். ‘மெஷர்டு த வைப்ரேஷன்’ என்று தொடங்கியது அது.

"யாரு அளந்தது?"

"நான்தான் மேடம்."

"இதுல நீங்க எங்க இருக்கீங்க?"

"அதான் மெஷர்டுன்னு போட்டிருக்கேனே."

"மெஷர்டுன்னா யார் வேணா அளந்திருக்கலாம். உங்க வாட்ச்மேன் கூட."

"அப்ப பட்டம் அவருக்குத்தான் அக்கா" என்றான் பக்கத்தில் இருந்த கான்கிரீட் ஆராய்ச்சிக்காரன். வகுப்பு சிரித்தது.

அவள் சிரிக்கவில்லை. உறைத்துவிட்டது அவளுக்கு. ‘அளந்தேன்’ என்று தமிழில் எழுதினால் போதும், அளந்த ஆள் அந்தச் சொல்லின் வாலிலேயே உட்கார்ந்திருப்பான். தனியாக ‘நான்’ போட வேண்டியதில்லை. இங்கிலீஷுக்கு வால் கிடையாது. ஆளை முன்னால் கொண்டுவந்து நிறுத்தாவிட்டால் ஆளே இல்லை. முழுக் கட்டுரையையும் புரட்டிப் பார்த்தாள். ஓர் இடத்தில்கூட அவள் இல்லை. பம்ப் தன்னைத் தானே அளந்துகொண்ட மாதிரி இருந்தது.

"ஐ, ஐன்னு போட்டா பீத்திக்கிற மாதிரி இருக்காதா மேடம்?"

"எல்லா வரியிலயும் போட வேணாம். முடிவு எடுத்த இடத்துல போடுங்க. பீத்தறதுக்கு இல்ல. நாளைக்கு தப்புன்னு தெரிஞ்சா யாரைக் கேக்கறது?"

பம்ப்காரி நிமிர்ந்தாள். "கழட்டச் சொன்னது யாருன்னு தெரியணும். அப்படித்தானே?"

"அப்படியேதான்."

அதற்குப் பிறகு அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. நல்ல பேரிங்கைக் கழற்றச் சொல்லித் திட்டு வாங்கினபோது அவள் யார் பின்னாலும் ஒளிந்தவள் இல்லை. இங்கிலீஷில் மட்டும் ஏன் ஒளிய வேண்டும்? உட்கார்ந்து எழுதினாள். கத்தரிக்கோல் வெட்டினாள். மறுபடி எழுதினாள். கண்டுபிடித்ததைக் கடைசியில் சொல்கிற பழக்கத்தையும் அந்த வகுப்பில்தான் விட்டாள். அதுவரை பம்ப் எங்கே வாங்கியது, யார் மாட்டியது என்று ஊரைச் சுற்றிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவாள்.

"முதல் வரியிலயே சொல்லிட்டா அப்புறம் யாரு கேப்பாங்க?" என்று ஒருநாள் சண்டைக்கே போனாள்.

"சொல்லலன்னா முதல் வரியோட எந்திரிச்சுப் போயிருவாங்க" என்றாள் கத்தரிக்கோல்.

அந்தப் பாடத்தின்படியே இங்கேயும் முடிவைச் சொல்லிவிடலாம். மறு மதிப்பீட்டில் தேறினாள். இழுத்துக்கோ பறித்துக்கோ என்று அல்ல, நன்றாகவே தேறினாள். இப்போது மாநாட்டில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். சலவை இயந்திரத்துக்கு மறுபடி ஓய்வில்லாமல் போனது அதனால்தான். ஆனால் அன்றைக்கு அந்த அறையில் அவள் நின்ற நிற்பைச் சொல்லாமல் விட்டால் அவளைப் பற்றி எதுவும் சொன்னதாகாது.

அதே அறை, அதே அம்மையார், முன்வரிசையில் பேராசிரியர். "ஐ கேன் டெல் யூ எ பேரிங் வில் ஃபெயில், பிஃபோர் இட் ஃபெயில்ஸ்" என்று எடுத்த எடுப்பில் சொன்னாள். எதை, எங்கே, எப்படி அளந்தாள் என்று காட்டினாள். நடுவில் ஒரு ‘டேட்டா கீட்டா’ நழுவி விழுந்தது. நின்றாள். "சாரி, ஒன்லி டேட்டா" என்றாள். யாரோ சிரித்தார்கள், அவளும் சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போனாள். அம்மையாரின் முதல் கேள்விக்குப் பதில் சொன்னாள். இரண்டாவது கேள்வி புரியவில்லை. முன்பென்றால் தலையை ஆட்டிச் சமாளித்திருப்பாள். "புரியவில்லை, இன்னொரு தடவை கேளுங்கள்" என்று ஆங்கிலத்தில் கேட்டு வாங்கி, பதில் சொன்னாள்.

மூன்றாவதுதான் கத்தி. "உங்கள் பட்டியலில் ஒரு பம்ப் கெட்டுப் போகும் என்று உங்கள் முறை சொல்லியிருக்கிறது. ஆனால் அது கெடவில்லை. ஏன்?"

பம்ப்காரி உடனே வாயைத் திறக்கவில்லை. அந்த இடைவெளி பேராசிரியருக்குப் பொறுக்கவில்லை. அவர் நாற்காலி கிறீச்சிட்டது. பாதி எழுந்து, தொண்டையைச் செருமி, "நாங்கள்" என்று தொடங்கியும்விட்டார்.

பம்ப்காரி அம்மையாரிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை. இடது கையை மட்டும் அவர் பக்கம் நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து, காற்றை மெல்லக் கீழே அமுக்கினாள், அவர் உட்காரும் வரைக்கும்.