புளியங்கட்டையில் இருந்த ஆணி

அன்று தோட்டத்தில் நானும் அப்பாவும் கோம்பையிலிருந்து வந்த வெல்டிங் பட்டறைக்காரரும் இருந்தோம். அம்மா வரவில்லை. தோட்டத்துப் புளியமரத்தை வெட்டிய பிறகும் அந்தப் பக்கம் அவள் வருவதில்லை. ஏனென்று நான் கேட்டதுமில்லை.

பட்டறைக்காரருக்கு ஒரு புருவம் தீப்பொறியில் கருகிப் பாதிதான் இருந்தது. அடிக்கட்டையை அரைத்தெடுக்க, இரும்புத் தட்டில் பன்னிரண்டு பற்களைப் பற்றவைத்து எங்கள் டிராக்டருக்குப் பின்னால் மாட்டியிருந்தார். ஒவ்வொரு பல்லையும் சுத்தியலால் தட்டி, பற்றவைத்தது உறுதியாக இருக்கிறதா என்று காதைச் சாய்த்துக் கேட்பார்.

“அண்ணே, கட்டையில ஆணிகீணி இருந்தா இப்பவே சொல்லிருங்க. பல்லு தெறிச்சா மண்டை போயிரும்.”

“ஒண்ணுமில்லப்பா,” என்றார் அப்பா, என்னைப் பார்க்காமல்.

“அப்ப என் மண்டைக்கு நீங்கதேன் பொறுப்பு,” என்று சிரித்தார்.

டிராக்டரை முடுக்கினேன். மரத்தூள் பறந்தது. திடீரென்று ‘ணங்’ என்ற சத்தம். ஒரு பல் அவர் காதோரமாகப் பாய்ந்து வாழைத்தண்டில் செருகிக்கொண்டது. வண்டியை அணைத்தேன். அப்பா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

பட்டறைக்காரர் குனிந்து கட்டையிலிருந்து ஓர் ஆணியைக் குறடால் பிடுங்கினார். அதில் நீளமான முடி சுற்றியிருந்தது. பேயோட்டும்போது பெண்ணின் முடியோடு சேர்த்துப் புளியமரத்தில் அடிக்கிற ஆணி. யாருடைய முடியென்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

சத்தம் கேட்டு ஓடிவந்த அம்மா தூரத்து வரப்பிலேயே நின்றாள். “என்னய்யா ஆச்சு?”

அவர் ஆணியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். “என் வெல்டிங் விட்டுருச்சு மதினி. எல்லாரும் நல்லாத்தேன் இருக்காக.”

தட்டித் தட்டிக் கேட்ட அந்த மனிதரால் எப்படித் தன் வேலையில்தான் பழுது என்று சொல்ல முடிந்தது என்று இன்றும் யோசிக்கிறேன். அப்பா நீட்டிய பணத்தில் புதுப் பல்லின் விலையை மட்டும் எடுத்துக்கொண்டார்: நூற்றெண்பது ரூபாய்.