கோடு போடாத பூஜ்யம்

எம்.எஸ்ஸி. கணிதம் முதலாண்டுத் தேர்வு முடிவை அறிவிப்புப் பலகையில் ஒட்டிய அன்று சாயங்காலமே நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். வகுப்பில் நான் இரண்டாவதாக வந்திருந்தேன். முதலாவதாக வந்தவள் என் சிநேகிதி. அவளைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினேன். பிறகு வீட்டுக்கு வந்து, அந்த நோட்டில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன்.

காலை நாலரைக்கு எழுந்தேனா. பச்சைத் தண்ணீரில் குளித்தேனா. ஆறு மணி நேரம் படித்தேனா. வீண் பேச்சைத் தவிர்த்தேனா. பொய் சொல்லாமல் இருந்தேனா. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரிசை. செய்ததற்கு டிக், தவறியதற்குப் பெருக்கல் குறி. எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்தோரு வயது. ஒழுங்காக இருந்தால் எதையும் அடைந்துவிடலாம் என்று உறுதியாக நம்பினேன்.

மதுரை நகரின் நடுவில், இரண்டு சைக்கிள் எதிரெதிரே வந்தால் ஒருவர் இறங்க வேண்டிய சந்தில் எங்கள் வீடு. அத்தா பூட்டுக் கடை வைத்திருந்தார். மகளை இன்னும் எதற்குப் படிக்க வைக்கிறாய் என்று சொந்தக்காரர்கள் கேட்டால், "அது பாட்டுக்குப் படிக்குது, உங்களுக்கு என்ன?" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார். அவர் விடியலில் பள்ளிவாசலுக்குக் கிளம்பித் தாழ்ப்பாளை நீக்கும்போது நான் ஏற்கெனவே புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பேன். அவர் கண்ணில் தெரியும் பெருமைக்காகவே பல நாள் எழுந்திருக்கிறேன் என்று இப்போது தோன்றுகிறது.

என் சிநேகிதி பேரையூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரி. மழையை நம்பி விதைக்கிற விவசாயக் குடும்பம். விடுதியில் தங்கிப் படித்தாள். அவள் படிக்கிற விதத்தைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமாக வரும். நேரம் காலம் கிடையாது. கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு, கடலையை உடைத்து வாயில் போட்டபடி படிப்பாள். பாதியில் புத்தகத்தின் மேலேயே தூங்கிவிடுவாள். வகுப்பில் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள். பேராசிரியர் திடீரென்று அவளை எழுப்பிக் கேள்வி கேட்டால், சரியான விடையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்து மறுபடியும் வெளியே பார்ப்பாள்.

என் நோட்டை அவளிடம் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஏ புள்ள, இம்புட்டுக் கட்டம் போட்டா வாழணும்? எனக்கெல்லாம் ரெண்டு நாளைக்கு மேல தாங்காது."

நானும் சிரித்தேன். நாலரைக்கு எழுந்து நான் முட்டி மோதிப் பிடிக்கிற ஒன்றை, இவள் படுத்துக்கொண்டே பிடித்துவிடுகிறாளே. அது என்ன நியாயம்? அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்கவில்லை. அடுத்த மாதம் ஆறு மணி நேரத்தை ஏழு மணி நேரமாக்கினேன்.

இரண்டாம் ஆண்டில் எங்களுக்குக் கம்ப்யூட்டர் ஒரு பாடமாக வந்தது. கல்லூரியில் கம்ப்யூட்டர் கிடையாது. பாடம் முழுக்கக் கரும்பலகையில்தான். ஊருக்கு வெளியே ஒரு பஞ்சாலையில் சம்பளப் பட்டியல் போடுவதற்காக ஒரு கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். எங்கள் துறைத் தலைவர் அங்கே பேசி, ஞாயிற்றுக்கிழமைகளில் மாணவர்களின் புரோகிராம்களை ஓட்டித் தர ஏற்பாடு செய்தார். ஒரு நாள் எல்லோரையும் கூட்டிப்போய்க் காட்டவும் செய்தார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே போனோம். ஆவணி மாதத்து மதுரை வெயிலில் இருந்து போனவர்களுக்கு அந்தக் குளிர் பல்லைக் கிட்ட வைத்தது. ஆபரேட்டர் ஸ்வெட்டர் போட்டிருந்தார். மதுரையில் ஸ்வெட்டர் போட்ட மனிதரை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பீரோ பீரோவாக நின்ற இயந்திரத்தை நாங்கள் தள்ளி நின்றே பார்த்தோம். அவள் மட்டும் முன்னால் போய், "அண்ணே, ஒரே ஒரு தடவ தொட்டுப் பாத்துக்கிறட்டுமா?" என்றாள்.

"தொட்டா என் வேலை போயிரும்மா" என்று அவர் சிரித்தார்.

திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்குகிற சமயத்தில், "எப்படியாச்சும் இதுலதான் வேலைக்குப் போகணும்டீ" என்றாள். அவள் எதையும் அப்படி ஆசைப்பட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. படிப்பு முடிந்ததும் வேலை கிடைத்தால் மதுரையில் இருக்கலாம், இல்லாவிட்டால் ஊருக்குத் திரும்பிவிட வேண்டும் என்று அவள் வீட்டில் சொல்லியிருந்தார்கள். அதுவும் எனக்குத் தெரியும்.

அந்தப் பஞ்சாலையில் பயிற்சிக்கு ஒரே ஒரு ஆள் எடுப்பதாகச் செய்தி வந்தது. ஆளுக்கொரு புரோகிராம் எழுதுங்கள், ஓடி விடையோடு திரும்பி வருகிறவற்றில் சிறந்தது எதுவோ அவருக்கு நான் சிபாரிசுக் கடிதம் தருகிறேன் என்றார் துறைத் தலைவர். நான் பாடப்புத்தகத்தில் இருந்த ஒரு அணிக் கணக்கை எடுத்துக்கொண்டேன். அவள் தாலுகா ஆபீசுக்குப் போய், அங்கே பதிவேட்டில் இருந்த பழைய மழை அளவுகளை வருஷம் வருஷமாகக் கையால் எழுதிக்கொண்டு வந்தாள். எந்த மாதத்து மழையை நம்பி விதைக்கலாம், எது அடிக்கடி ஏமாற்றுகிறது என்று கண்டுபிடிக்கிற புரோகிராம். துறைத் தலைவர் அதைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "இதை யாரும்மா உனக்குச் சொன்னது?" என்று கேட்டார். "யாரும் சொல்லல சார். எங்கய்யா வருஷா வருஷம் இதத்தான யோசிச்சுக்கிட்டு இருக்காரு" என்றாள்.

யாருக்குக் கடிதம் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

புரோகிராம்களைக் கட்டம் போட்ட தாளில் எழுத வேண்டும். ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்து. பஞ்சாலையில் அதைப் பார்த்து, கம்ப்யூட்டர் படிக்கிற அட்டையில் துளையிடுவார்கள். ஆங்கில எழுத்து ஓவும் பூஜ்யமும் பார்வைக்கு ஒன்றாக இருப்பதால், பூஜ்யத்தின் மேல் குறுக்கே ஒரு கோடு போட வேண்டும். கோடு இல்லாவிட்டால் அதை ஓ என்றே அடிப்பார்கள், புரோகிராம் ஓடாது. "நீங்க எழுதினத அப்படியே அடிக்கிறதுதான் எங்க வேலை" என்று ஆபரேட்டர் முன்பே சொல்லியிருந்தார்.

நான் வகுப்புப் பிரதிநிதி. தாள்களை வாங்கி, பக்கம் சரிபார்த்து, கட்டி அனுப்புவது என் பொறுப்பு. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் நூலகத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒத்தக்கடையில் இருந்து வந்து படித்த இன்னொரு தோழியின் தாளில் ஒரு பூஜ்யத்துக்குக் கோடு இல்லை. அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நல்ல வேளை பாத்த" என்று போட்டுவிட்டுப் போனாள்.

அடுத்த கட்டு என் சிநேகிதியுடையது. இரண்டாம் பக்கத்தில், கடைசிக்குக் கொஞ்சம் மேலே, இருநூறு என்று எழுதியிருந்தாள். மற்ற இடங்களில் எல்லாம் கோடு இருந்தது. அந்த ஒரு இடத்தில் இரண்டு பூஜ்யங்களும் வெறுமையாக இருந்தன. பேனா என் கையில்தான் இருந்தது. மூடிகூடத் திறந்திருந்தது.

எனக்கு அப்போது வெறுப்பு இருந்ததாகச் சொல்ல முடியாது. பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்தால் மனசு அமைதியாகுமே, அப்படி ஒரு அமைதி. அடுத்தவர் தாளில் கை வைக்கக் கூடாது என்று துறைத் தலைவர் சொன்னது நினைவுக்கு வந்தது. அது வசதியாக இருந்தது.

அவள் அந்த நேரத்தில் கதவருகே வந்து நின்றாள். தோளில் பை. ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"எல்லாஞ் சரியா இருக்கா புள்ள? மூணு மணி வண்டியப் பிடிக்கணும். கெளம்பவா?"

"எல்லாம் சரியா இருக்கு. நீ கெளம்பு" என்றேன்.

"போயிட்டு வாரேன்" என்று கையசைத்துவிட்டுப் போனாள். நான் தாள்களைக் கட்டினேன்.

அன்று சாயங்காலம் நோட்டைத் திறந்தேன். நாலரைக்கு எழுந்ததற்கு டிக். குளித்ததற்கு டிக். படித்ததற்கு டிக். பொய் என்ற கட்டத்தில் கொஞ்சம் தயங்கினேன். பக்கங்களின் எண்ணிக்கை சரியாகத்தானே இருந்தது, அதைத்தானே சொன்னேன் என்று வைத்துக்கொண்டு அதற்கும் ஒரு டிக் போட்டேன். அந்த மாதத்தில் ஒரு பெருக்கல் குறிகூட இல்லாத வாரம் அது ஒன்றுதான்.

பத்து நாள் கழித்து விடைகள் வந்தன. என்னுடையது ஓரத்தில் துளை போட்ட அகலமான தாளில், மடிப்பு மடிப்பாக, எல்லா எண்களும் சரியாக வந்திருந்தது. அவளுடையது ஒரே ஒரு தாள். புரோகிராமின் கீழே ஒரு வரி, தவறு என்று. மழை அளவு எதையும் இயந்திரம் படிக்கவே இல்லை. துறைத் தலைவர் மறுபடி ஒரு தடவை ஓட்டித் தரக் கேட்டுப் பார்த்தார். போனஸ் வேலை இருக்கிறது, இரண்டு மாதத்துக்கு முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவருக்கும் வருத்தம்தான். ஆனால் விதி விதிதான் என்று என் பெயருக்குக் கடிதம் எழுதினார். அத்தா கடையை அரை நாள் அடைத்துவிட்டு, பக்கத்துக் கடைக்காரர்களுக்கெல்லாம் இனிப்பு கொடுத்தார். "அல்ஹம்துலில்லாஹ், எம் மக உழைப்புக்குக் கெடச்சது" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார்.

என் சிநேகிதி தன் தாளில் தவறைக் கண்டுபிடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஒத்தக்கடைத் தோழி எதேச்சையாக அவளிடம் தன் கதையைச் சொல்லியிருக்கிறாள். மறுநாள் கல்லூரி மாடிப்படியில் என் சிநேகிதி என்னை நிறுத்தினாள்.

"அவளுக்குச் சொல்லியிருக்க. எனக்கு மட்டும் ஏன் சொல்லல?"

"நான் பாக்கலடீ."

"பாத்திருப்ப."

"சத்தியமாப் பாக்கல."

அவள் கத்தவில்லை. "ஒங்கண்ணுக்குத் தப்பாது" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். படிப்பு முடிய இருந்த இரண்டு மாதமும் என்னோடு பேசவில்லை. தேர்வு முடிந்த அன்றே பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள்.

நான் பஞ்சாலையில் சேர்ந்தேன். அந்தக் குளிர் அறையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அட்டையில் துளையிட்டேன். முதல் வருஷம் அதுதான் பயிற்சி என்றார்கள். இரண்டாம் வருஷமும் அதுதான். எனக்குப் பிறகு சேர்ந்த ஒரு பையனுக்குப் புரோகிராம் எழுதுகிற வேலை கொடுத்தார்கள். ஏன் என்று கேட்டேன். "பொம்பளைங்க கை சுத்தம்மா, இந்த வேலைக்கு உங்களை விட்டா ஆள் கிடையாது" என்றார் பிரிவு அதிகாரி, பாராட்டுகிற குரலில். மூன்று வருஷத்துக்கு மேல் மில் தொழிலாளர்களின் வருகை நாட்களைத் துளையிட்டேன். அங்கே ஒரு புரோகிராம்கூட நான் எழுதவில்லை. நாலரைக்கு எழுவது மட்டும் பழகிப்போய்விட்டது. எழுந்து என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருப்பேன்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு நாள் ஆரப்பாளையத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது ஒத்தக்கடைத் தோழியைப் பார்த்தேன். என் சிநேகிதி பி.எட். முடித்து, கல்யாணமாகி, பேரையூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருப்பதாகச் சொன்னாள். அடுத்த வாரமே கிளம்பினேன். சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது.

பள்ளி விட்டுப் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் வகுப்பறையில் பரீட்சைத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் பருத்திருந்தாள். என்னை அடையாளம் கண்டுகொள்ள நேரமாகவில்லை.

"வா, உக்காரு. தண்ணி குடிக்கிறியா?"

வேண்டாம் என்றேன். பஸ்ஸில் ஒத்திகை பார்த்து வந்ததைச் சொன்னேன். பார்த்தேன், பேனா கையில் இருந்தது, வேண்டுமென்றேதான் விட்டேன். சொல்லி முடித்ததும் எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு வரவில்லை.

"தெரியும். படிக்கட்டுல கேட்டப்பவே தெரியும்."

"என்னை மன்னிச்சிரு."

"இதச் சொல்லத்தான் இம்புட்டுத் தூரம் வந்தியா?" அவள் ஒரு தாளைத் தட்டி நேராக்கினாள். "நீ நல்லவளா ஆகுறதுக்கு நான் கையெழுத்துப் போடணுமா?"

அவள் அடுத்த தாளை எடுத்து அடுக்கில் வைத்தாள்.

"ரெண்டு வருஷம் கோவம் இருந்துச்சு. பெறகு அதுக்கெல்லாம் நேரம் இல்ல. ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. எங் கிளாஸ்ல ரெண்டு புள்ளைக ஒண்ணா உக்காந்து ஒருத்தி நோட்ட ஒருத்தி பாத்துக் குடுத்தா, எனக்குப் பொறுக்க மாட்டேங்குது. போயிப் பிரிச்சு உக்கார வச்சிர்றேன். அதுக என்ன தப்புப் பண்ணுச்சுக? அது சரியில்லன்னு எனக்கே தெரியுது. ஆனா விட முடியல."

பிறகு சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டாள். "அஞ்சரைக்கு ஒரு வண்டி இருக்கு. அத விட்டா ஏழு மணிக்குத்தான்" என்றாள். நான் எழுந்தேன்.

சாலையின் இந்தப் பக்கம் மதுரைக்குப் போகிற பஸ் நிற்கும். எதிர்ப்பக்கம் கிராமங்களுக்குப் போகிற பஸ். நான் நின்ற கொஞ்ச நேரத்தில் அவளும் தாள் கட்டோடு வந்து எதிர்ப்பக்கம் நின்றாள். நடுவில் சைக்கிள்களும் ஒரு மாட்டு வண்டியும் போயின. ஒரு தடவை என்னைப் பார்த்தாள். பஸ்ஸுக்கு நிற்கிற முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்க்கிற பார்வை அது. அவள் வண்டி முதலில் வந்தது.