வெயில் படாமல் காய்ந்த பை

ஆந்திரா தனி மாநிலமாகி, எல்லையில் எந்த ஊர் யாருக்கு என்பது தீராமல் இருந்த காலம். என் வீட்டுக்காரர் நிலம் அளக்கிற குழுவில் சங்கிலி பிடிப்பவர். நாங்கள் சித்தூரில் குடியிருந்தோம். ஐப்பசி மழையில், சத்தியவேடு பக்கம் ஆற்றைக் கடக்கும்போது வெள்ளம் அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஆள் கிடைக்கவில்லை. கோரைப் புதரில் சிக்கியிருந்த அவருடைய தோல்பையை மட்டும் அவர் தம்பி கொண்டுவந்து வைத்தான்.

கையால் தைத்த பை. தையலுக்குள்ளெல்லாம் சேறு ஏறியிருந்தது.

"நாறுது அண்ணி. வெயில்ல போடுங்க" என்றான்.

"வெயில்ல போட்டா தோலு வெடிச்சிப் போவும். அவரு வந்து கேட்டா இன்னா சொல்றது?"

அவன் எழுந்து வெளியே போனான்.

ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து சேற்றைத் துடைத்தேன். தையலில் இருந்ததைத் தேங்காய் நார் கொண்டு மெதுவாக எடுத்தேன். உருவம் குலையாமலிருக்க உள்ளே வைக்கோலைத் திணித்து, காற்று வரும் மூலையில் வைத்தேன். மழை விடவில்லை. காலையில் பார்த்தால் தோல்மேல் வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருக்கும். துடைப்பேன். மறுபடி பூக்கும். பூஞ்சை ஏறாமல் பார்த்துக்கொண்டால் அவர் வந்துவிடுவார் என்று எப்படியோ எனக்குள் ஒரு கணக்கு விழுந்துவிட்டது. அடுப்பில் உலை கொதித்து வழிந்தாலும் கையிலிருந்து பையை வைக்கமாட்டேன்.

நானும் கொழுந்தனும் அவர் வேலை பார்த்த ஆபீசுக்குப் போனோம். அங்கே இருந்தவர், "ஏ பக்க படினாடம்மா?" என்று கேட்டார். எந்தப் பக்கம் விழுந்தான் என்கிறார். இந்தக் கரையென்றால் அவர்கள் தேட வேண்டும், அந்தக் கரையென்றால் மதராஸ்காரர்கள் தேட வேண்டுமாம். "ஆத்துல வுழுந்தாருங்க" என்றேன். அதற்கு மேல் எனக்கு என்ன தெரியும்?

திருப்பதியில் அவரைப்போல ஒருவரைக் கண்டதாக யாரோ சொன்னார்கள். தோல் காய்ந்து விறைத்திருந்த பைக்கு விளக்கெண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்த்தேன். பித்தளைக் கொக்கியைப் புளி போட்டு விளக்கினேன். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு கொழுந்தனோடு பஸ் ஏறினேன். புத்தி கலங்கி என்னை மறந்திருந்தாலும் பையை அடையாளம் தெரியும் என்று நம்பினேன்.

அங்கே பார்த்தால் எல்லோரும் மொட்டை. பின்னாலிருந்து பார்த்தால் ஒவ்வொருவரும் அவர்தான். சத்திரம் சத்திரமாக ஏறி இறங்கினோம். பஸ் ஸ்டாண்டில் ஒருவருடைய தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டேன். வயதில் பெரியவர். என் முகத்தைப் பார்த்ததும் கோபிக்காமல், "ஏமைந்தம்மா?" என்று, என்ன ஆச்சென்று கேட்டார். நான் பையைத் தூக்கி அவர் முகத்துக்கு நேராகக் காட்டிக்கொண்டு நின்றேன். கொழுந்தன்தான் என் கையை இறக்கிவிட்டான்.

தண்ணீர் வடிந்த பிறகு செய்தி வந்தது. ஆற்றின் போக்கில் கீழே ஒரு கிராமத்தில், மணலில் கிடந்த ஒருவரை அந்த ஊர்க்காரர்களே புதைத்திருந்தார்கள். போனோம். ஒரு வீட்டில், அவர் இடுப்பிலிருந்து கழற்றிய பெல்ட்டைக் கூரையில் சொருகி வைத்திருந்தார்கள். பையும் அதுவும் ஒரே தோல், ஒரே சிவப்பு நூல். பெல்ட் வெயிலில் காய்ந்து பட்டைபோல வெடித்திருந்தது.

"கொஞ்சம் வெளக்கெண்ண இருக்குமா?" என்று அந்த வீட்டுக்காரியைக் கேட்டேன்.

அவள் ஏன் என்று கேட்கவில்லை. கிண்ணத்தில் கொண்டுவந்தாள். முந்தானையில் தொட்டுத் தேய்த்தேன். எண்ணெய் இறங்கவே இல்லை. வளைத்துப் பார்த்தேன், விரிசல் விட்டது. மறுபடி தேய்த்தேன். அவள் என் எதிரில் உட்கார்ந்து, பெல்ட்டை என் விரல்களிலிருந்து ஒவ்வொன்றாக விடுவித்தாள்.

"போதும்மா. நல்லபடியாத்தான் பொதச்சோம். பால் ஊத்துனோம். எதனா துன்னியா?"

இல்லை என்று தலையாட்டினேன். களியும் கீரையும் வைத்தாள். அத்தனை நாளில் அன்றுதான் பசித்தது. தின்றுகொண்டே அழுதேன். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வாசலில் கொழுந்தன், புதைத்த இடத்துக்கு எப்படிப் போவது என்று அவள் புருஷனிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.