தோழன் தேவை

போன வாரம் செவ்வாய்க்கிழமை ஐந்தாம் இலக்க ரயிலில் நான் கத்திவிட்டேன்.

வேலை முடிந்து வெஸ்ட்லிக்குப் போகிற நேரம். ரயில் நிறைய ஆட்கள். ஒஸ்லோவில் ரயிலுக்குள் தும்முவதற்கே ஆட்கள் கூச்சப்படுவார்கள். அந்த அமைதிக்குள் நான் கைபேசியைப் பார்த்து, "சொல்லித் துலையன்ரா" என்று கத்தியிருக்கிறேன். எனக்கு முன்னால் இருந்த நோர்வேக்காரர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த நேரம் ரயில் சுரங்கத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. பாவம், அப்படி எதைப் பார்த்தாரோ தெரியவில்லை.

பக்கத்தில் இருந்த பெண் மட்டும் சிரித்தார். தமிழ்நாட்டுக்காரர். மடியில் லேப்டாப் பை. என் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "எண்பத்தி மூணாவது எபிசோடா அக்கா? நானும் படிக்கிறேன்" என்றார்.

நாங்கள் 'வாசிக்கிறோம்', அவர்கள் 'படிக்கிறார்கள்'. வயிற்றெரிச்சல் மட்டும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

விஷயம் இதுதான். நான் ஒரு கொரியன் வெப்காமிக்குக்கு அடிமையாகிவிட்டேன். கைபேசியில் விரலால் தள்ளத் தள்ளக் கீழே இறங்கிக்கொண்டே போகும் படக்கதை. வாரம் ஒரு எபிசோட், செவ்வாய்க்கிழமை வரும். நானும் உங்களுக்கு வாரம் ஒரு பத்தி எழுதுகிறவள்தான். ஆனால் இப்படி ஒரு இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு மனிதரைப் பதற வைக்கிற வித்தை எனக்கு வராது.

ஒரு பெடியன், ஒரு பெட்டை. ஒரே மாடியில் எதிரெதிர் வீடு. ஆறு வயதிலிருந்து சிநேகிதம். கொரியன் பெயர்கள் என் வாயில் நுழையவில்லை. அதனால் பெடியனுக்குக் கணேசு என்றும் பெட்டைக்கு வசந்தி என்றும் நானே பெயர் வைத்துவிட்டேன்; இப்போது எங்கள் வீட்டிலும் அதுதான் பெயர். கணேசுவுக்கு வசந்தி என்றால் உயிர். சொல்லமாட்டான். மழை வந்தால் குடையை அவளிடம் கொடுத்துவிட்டுத் தான் நனைந்துகொண்டு போவான். எண்பத்து மூன்று எபிசோடாக அவனுக்குத் தடிமன் பிடிக்காதது அதிசயம். வசந்திக்கும் அவன்மேல் விருப்பம்தான். அவளும் சொல்லமாட்டாள். இப்போது வசந்தியின் தாய் அவளுக்கு ஒரு வங்கிக்காரனைப் பார்த்துவிட்டார். அவனைச் சந்திக்கப் போகிறவளுக்குச் சப்பாத்துத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது யார்? நம்முடைய கணேசு.

கத்தாமல் என்ன செய்வது, சொல்லுங்கள்.

"அந்தப் பொண்ணோட அம்மாவத்தான் சொல்லணும் அக்கா" என்றார் அந்தத் தமிழ்நாட்டுப் பெண். "எல்லாம் வீட்டுக்குள்ளயே நடக்குது. ஒண்ணுமே தெரியல பாருங்க."

நான் முழு மனதோடு ஒத்துக்கொண்டேன். அந்தத் தாய் கணேசுவுக்கு டப்பா டப்பாவாகச் சாப்பாடு கொடுப்பார், "நீ எனக்கு மகன் மாதிரி" என்று முதுகில் தட்டுவார், அவன் முகம் வாடுவதை மட்டும் பார்க்கமாட்டார். "சரியான மோட்டு மனுசி" என்றேன். மோட்டு என்றால் முட்டாள் என்று விளக்கமும் சொன்னேன். ரொம்மன் ஸ்டேஷன் வரும்வரை இரண்டு பேரும் சேர்ந்து அந்த மனுசியைக் கிழி கிழி என்று கிழித்தோம். மனதுக்கு இதமாக இருந்தது.

இந்தக் கதையை எனக்குக் காட்டித் தந்தது என் மகள் அபி. வயது இருபத்தாறு. பிசியோதெரபி செய்கிறாள். மூன்று கிழமைக்கு முன் ஒரு நாள், நான் கேட்காமலே என் கைபேசியை வாங்கி, அந்த ஆப்பை இறக்கி, முதல் எபிசோடைத் திறந்து கையில் தந்தாள். கட்டாயம் முழுக்க வாசிக்கச் சொன்னாள். வாசித்துவிட்டு என்ன நினைக்கிறேன் என்று தனக்குச் சொல்ல வேண்டுமாம். தாயும் மகளும் ஒரே கதையை வாசிப்பது எவ்வளவு நல்ல விஷயம் என்று நான் புளகாங்கிதம் அடைந்தேன்.

அதே மூன்று கிழமைக்கு முன்தான் கனடாவிலிருந்து ரொறன்ரோச் சம்பந்தமும் வந்தது. நல்ல குடும்பம். பெடியன் எஞ்சினியர். பொருத்தம் பார்த்தோம், எட்டுப் பொருத்தம். அபியும் அவரும் இரண்டு தரம் வீடியோவில் கதைத்தார்கள். எப்படி என்று கேட்டால், "நல்ல ஆள்தான் அம்மா, யோசிச்சுச் சொல்றன்" என்றாள். அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. ரொறன்ரோக்காரர் போன ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவு கேட்டிருந்தார்கள். பெண் பிள்ளை பேசாமல் இருந்தால் சம்மதம் என்றுதானே நம் ஆட்கள் எடுப்பார்கள்? நானும் அப்படித்தான் எடுத்தேன். மனதுக்குள் சேலை வாங்கத் தொடங்கிவிட்டேன்.

இனி நிரோஜனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ரொம்மனில் இருக்கும் என் சிநேகிதி புஷ்பாவின் மகன். அபியைவிட ஒரு வயது மூப்பு. இரண்டும் ஒரே பார்னஹாகேயில், அதுதான் இங்கத்தைய பாலர் பள்ளியில், மண் அளைந்தவை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஒரே வாங்கில் இருந்து, ஒரே பிழையை ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. நாங்கள் தாய்மார் இரண்டு பேரும் அப்போதே கெட்டிக்காரத்தனமாக ஒரு வேலை பார்த்தோம். பிள்ளைகள் எங்களை மாமி என்று கூப்பிட்டால், வளர்ந்த பிறகு அந்த முறையைப் பிடித்துக்கொண்டு ஏதாவது வந்துவிடும் அல்லவா? அதனால் புஷ்பா அபிக்குப் பெரியம்மா. நான் நிரோவுக்குச் சின்னம்மா. அபிக்கு அவன் அண்ணா. வேலி அடைத்தாயிற்று, இனி ஆடு மாடு நுழையாது என்று இரண்டு பேரும் நிம்மதியாகத் தேத்தண்ணீர் குடித்தோம்.

அதோடு விட்டோமா? அபி எங்களுக்கு ஒரே பிள்ளை. கூடப் பிறந்த பெடியன் இல்லை. நம் கலியாணத்தில் மாப்பிள்ளை வாசலுக்கு வரும்போது, பெண்ணின் சகோதரன்தான் தோழனாக நின்று செம்பில் தண்ணீர் எடுத்து அவர் காலைக் கழுவி, கையைப் பிடித்து உள்ளே அழைத்துவர வேண்டும். மாப்பிள்ளை அவனுக்கு ஒரு மோதிரம் போடுவார். நிரோ ஏழு வயதில் ஒரு கலியாண வீட்டில் அதைப் பார்த்துவிட்டு, மோதிர ஆசையில் தானும் தோழனாக வருவேன் என்றான். அபியின் கலியாணத்துக்கு நீதான் தோழன் என்று அன்றைக்கே நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். அதாவது, அவனைக் கேட்காமல் அவனுக்கு வேலை கொடுத்துவிட்டேன்.

போன சனிக்கிழமை எங்கள் கட்டடத்தில் டுக்னாட். குடியிருக்கிற எல்லோரும் சேர்ந்து முற்றம் துப்புரவாக்குகிற நாள். குளிர்காலத்தில் வழுக்காமல் இருக்கக் கொட்டிய சரளைக் கல்லைக் கூட்டி அள்ள வேண்டும். வழக்கம்போல நிரோவும் வந்திருந்தான். நான் ஒரு தட்டில் ரோல்ஸோடு இறங்கிப் போய், "நீ எனக்கு மகன் மாதிரி" என்று முதுகில் தட்டிவிட்டு விஷயத்தைச் சொன்னேன். ரொறன்ரோவுக்கு நாளைக்கு ஓம் சொல்லப் போகிறோம், கோடையில் கலியாணம், தோழன் வேட்டியை நானே எடுத்துத் தருகிறேன்.

அவன் கூட்டிய இடத்தையே திரும்பவும் கூட்டினான்.

"சின்னம்மா, வேற ஆரையும் கேளுங்கோ. அது மட்டும் என்னால ஏலாது."

நோர்வேயில் வளர்ந்த பிள்ளை, இன்னொருவன் காலைக் கழுவ வெட்கப்படுகிறான் என்று நினைத்தேன். காலைத் தொடவே தேவையில்லை, செம்பால் இரண்டு சொட்டு ஊற்றினால் காணும், வேண்டுமென்றால் கையுறை போட்டுக்கொள் என்று சமாதானம் சொன்னேன். ஓம், கையுறை என்று சொன்னேன்.

"பிரச்சினை கால் இல்லை, சின்னம்மா" என்றான். கல்லு வண்டிலைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். ரோல்ஸைத் தொடவே இல்லை. இருபத்தைந்து வருடத்தில் நிரோ என் ரோல்ஸை வேண்டாம் என்றது அன்றைக்குத்தான்.

எனக்குச் சரியான கோபம். மேலே ஏறி வந்து அபியிடம் கொட்டினேன். தூக்கி வளர்த்த பிள்ளை, ஒரு உதவி கேட்டால் முகத்தைத் திருப்புகிறான் என்று. அபி குசினி ஜன்னலால் கீழே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சொல்லி முடிக்கும்வரை திரும்பவில்லை.

"அம்மா, எத்தினையாவது எபிசோட்டில நிக்கிறியள்?"

இது என்ன கேள்வி? எண்பத்து மூன்று என்றேன்.

"வசந்தியின்ர அம்மாவைப் பற்றி என்ன நினைக்கிறியள்?"

"மோட்டு மனுசி."

வாயிலிருந்து வந்த சொல் இன்னும் முழுதாக வெளியே போகவில்லை. அபி திரும்பி என்னைப் பார்த்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தது. அபி நிரோவை அண்ணா என்று கூப்பிடுவதை எப்போது விட்டாள்? பத்தாம் வகுப்பிலா? நான் ஏன் கவனிக்கவில்லை?

"எண்பத்தி மூண்டு எபிசோட் அம்மா. வேற எப்பிடிச் சொல்றது?" என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். அவன் சொல்லுவான் என்று இவள் பார்த்துக்கொண்டிருக்கிறாளாம். நாளைக்கு நான் ரொறன்ரோவுக்கு ஓம் சொல்லிவிட்டால் என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு இரவாக நித்திரை இல்லையாம். "நீங்கள்தானே அவனை அண்ணா எண்டு கூப்பிடப் பழக்கினீங்கள். அதாலதான் அவனுக்கு வாய் திறக்கப் பயம்."

எனக்கு முதலில் ஊர்தான் நினைவுக்கு வந்தது. அண்ணா தங்கச்சி என்று சொல்லி வளர்த்துவிட்டு இப்போது பார் என்று நாலு பேர் கதைப்பார்கள். கதைக்கத்தான் போகிறார்கள். ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. கீழே ஒரு பிள்ளை குனிந்து கல் அள்ளிக்கொண்டிருக்கிறான். அவனைக்கொண்டு இன்னொருவன் காலைக் கழுவ வைக்கப் பார்த்தேனே. ஒரு நாள் பிந்தியிருந்தால் அது நடந்திருக்கும். அதை நினைத்து அழுதேன்.

அபியைக் கீழே போகச் சொன்னேன். "அவன் சொல்லமாட்டான். நீயே போய்ச் சொல்லு." அவள் செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் ஓடினாள். ஜன்னலால் நான் பார்க்கவில்லை. சரி... கொஞ்சம் பார்த்தேன்.

ரொறன்ரோ அம்மாவை அன்றைக்கே அழைத்து, உள்ளதை உள்ளபடி சொல்லி மன்னிப்புக் கேட்டேன். மண்டபம் எடுக்கமுதல் சொன்னது நல்லது என்றார். நல்ல மனுசி. அவருடைய மகனுக்கு நல்ல இடம் அமைய வேண்டும்.

அடுத்தது புஷ்பா. அவரையும் போனில் எடுத்தேன். அவர் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எனக்குப் போன வருசமே தெரியுமப்பா. நீர் கதையைத் தொடங்குவீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

இந்த மனுஷருக்காவது தெரியாமல் இருக்கும் என்று கணவரிடம் போனேன். அவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "சொந்தக் கட்டடத்து டுக்னாட்டுக்கே ஆக்கள் ஒளிச்சுத் திரியினம். ரொம்மனிலயிருந்து இஞ்சை வந்து ஆரப்பா கல்லு அள்ளுவான்?" என்றார். ஆறு வருடமாகத் தெரியுமாம். ஆனால் சொல்லவில்லையாம். நான் கேட்கவில்லையாம்.

பார்த்தீர்களா? விலைவாசி, அரசியல், அடுத்த வீட்டுக்காரரின் சுகர் அளவு... எல்லாம் நாள் முழுக்கக் கதைக்கிறோம். கதைக்க வேண்டிய ஒன்றை மட்டும் மற்றவர் தொடங்கட்டும் என்று விட்டுவிடுகிறோம். கொரியாக்காரர் கதையை இழுக்கிறார் என்று ரயிலில் கத்தினேனே... அவர் எண்பத்து மூன்று வாரம்தான் இழுத்தார். நாங்கள் பத்து வருடம்.

நேற்று எண்பத்து நான்காவது எபிசோட் வந்தது. கணேசு இன்னும் சொல்லவில்லை. மழையில் நிற்கிறான். வசந்தியின் தாயை நான் இப்போது திட்டுவதில்லை. பாவம், அவருக்கும் யாராவது ஒரு வெப்காமிக்கைக் கொடுக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் வேறு ஒரு சிக்கல். மாப்பிள்ளை தயார். ஆனால் தோழன் இல்லை. மாப்பிள்ளையின் காலைக் கழுவி, கையைப் பிடித்து அழைத்துவர ஒரு சகோதரன் தேவை. மோதிரம் உண்டு. கையுறையும் தரலாம். ஒரேயொரு நிபந்தனை — சின்ன வயதில் என் மகளோடு விளையாடியிருக்கக்கூடாது.