செவில் நகரில் ஸ்டெல்லா அக்கா

சேவியர் அண்ணனின் அழைப்பு வந்தபோது நான் நியூயார்க் போகும் காலை ரயிலில் இருந்தேன். எடிசனில் ஏறி, உட்கார இடம் பிடித்து, பையை மடியில் வைத்த நேரம். “கல்பனா, ஸ்டெல்லா போயிட்டாம்மா” என்றார். அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. நான் எழுந்து கதவருகே போய் நின்றுகொண்டேன். ஓடுகிற ரயிலில் கதவருகே நின்று என்ன செய்ய முடியும்? நெவார்க் வரும்வரை அப்படியே நின்றேன். அங்கே இறங்கி, எதிர்ப்பக்க ரயிலுக்காகக் காத்திருந்தபோதுதான் அழுகை வந்தது.

சேவியர் அண்ணனின் மனைவி ஸ்டெல்லா அக்கா தூத்துக்குடிக்காரர். இங்கே ஒரு மருத்துவமனையின் ஆய்வகத்தில் நீண்ட காலம் வேலை பார்த்தவர். நான் திருமணமாகி மான்மவுத் ஜங்ஷனில் குடியேறிய முதல் குளிர்காலத்தில் அவரைத் தெரிந்துகொண்டேன். ஒரு ஞாயிறு மதியம் எங்கள் அடுக்ககத்தில் ஸ்மோக் அலாரம் அலறியது. எல்லோரும் கையில் கிடைத்த ஸ்வெட்டரோடு வெளியே ஓடினோம். தீயணைப்பு வண்டி வந்து நின்றது. கடைசியாக ஒரு பெண்மணி, மீன் வறுவல் அடுக்கிய பெரிய தட்டோடு படியிறங்கி வந்தார்.

“சாரி, சாரி, என் அடுப்புதான். யாரும் கோவிச்சுக்காதீங்க, ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கோங்க” என்றார். தீயணைப்பு வீரர்களிடமும் தட்டை நீட்டினார். ஒருவர் இரண்டு எடுத்துக்கொண்டார்.

நான் சைவம் என்று தயங்கிச் சொன்னேன். “ஏட்டி, அதை முதல்லயே சொல்லக் கூடாதா?” என்றார். மறுநாள் அதே மசாலாவில் வறுத்த உருளைக்கிழங்கு வந்தது. ஈரோட்டில் என்னை யாரும் ‘ஏட்டி’ என்று கூப்பிட்டதில்லை. அதன்பின் அந்த வார்த்தையைக் கேட்காமல் எனக்கு ஒரு வாரம்கூடக் கழிந்ததில்லை.

சாப்பாட்டுக்கு அடுத்தபடியாக அவருக்குப் பாட்டு. இங்குள்ள தமிழ்ப் பூசையில் பாடகர் குழுவை நடத்தியவர் அவர்தான். கிறிஸ்துமஸ் சமயத்தில் நானும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்பேன். அப்படி ஒரு கிறிஸ்துமஸில்தான் அவருடைய சொற்கள் குழறியதை முதலில் கவனித்தோம். களைப்பு என்று நினைத்தோம். பிறகு வலது கை பாட்டுப் புத்தகத்தைப் பிடிக்க மறுத்தது. பல பரிசோதனைகளுக்குப் பின் ஏ.எல்.எஸ். என்றார்கள். உடம்பின் தசைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துபோகும். அறிவு மட்டும் கடைசிவரை தெளிவாக இருக்கும். தடுக்க மருந்து இல்லை. ஆய்வகத்தில் வேலை பார்த்தவரிடம் யாரும் எதையும் மூடி மறைக்க முடியவில்லை.

“தொண்டை வேலை செய்யுத வரைக்கும்தான் எனக்கு நேரம்” என்றார். “சாப்பாட்டுக்கு வயித்துல டியூப் வைக்குததுக்கு முன்னாடி நான் செவில் போகணும்.”

அவரோடு வேலை பார்த்த ஒரு பெண்மணி ஸ்பெயினின் செவில் நகரத்துக்காரர். மதிய உணவு நேரத்தில் தன் ஊர்ச் சாப்பாட்டைப் பற்றிப் பேசிப் பேசியே அக்காவின் மனதில் அந்த ஊரை உட்காரவைத்திருந்தார். அக்காவின் மகள் நிஷாவுக்குக் கல்லூரித் தேர்வுகள். அண்ணனால் தனியாகச் சமாளிக்க முடியாது என்று நானும் விடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அங்கே இருந்தது சில நாள்கள். ஆனால் என் நினைவில் நிற்பது ஒரே ஒரு நாள்.

காலையில், முன்பு மடமாக இருந்த ஒரு கட்டடத்தில் உள்ள ஓவியக் கூடத்துக்குப் போனோம். அக்கா கைத்தடியோடு மெல்ல நடந்தார். ஒரு பெரிய ஓவியத்தின் முன் பெஞ்சில் உட்கார்ந்தவர் எழவே இல்லை. வெள்ளை அங்கி அணிந்த துறவிகள் மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கிறார்கள். முன்னால் ரொட்டிகள், கிண்ணங்கள், ஜாடிகள். அக்கா ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. திரும்பச் சொன்னார். அப்போதும் புரியவில்லை. அவருடைய பேச்சு அண்ணனுக்கு மட்டுமே முழுதாகப் பிடிபட்டுக்கொண்டிருந்த காலம் அது.

“ஒருத்தராவது சாப்பிடுதாங்களா பாருன்னு சொல்லுதாம்மா” என்றார் அண்ணன்.

பார்த்தேன். உண்மைதான். ஒருவரும் சாப்பிடவில்லை. அக்கா சிரித்தார். நானும் சிரிக்க முயன்றேன்.

மதியம் ஆற்றைக் கடந்து திரியானா பகுதிக்குப் போனோம். சந்தைக்குப் பக்கத்தில், நின்றுகொண்டே சாப்பிடும் சின்னக் கடை. எங்களுக்காக மூன்று முக்காலிகளைத் தேடிக் கொடுத்தார்கள். சின்னச் சின்ன மீன்களை மாவில் புரட்டிப் பொரித்து, குவியலாகக் கொண்டுவந்து வைத்தார்கள். அக்காவின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து வெகு காலமாகியிருந்தது. “நெத்திலி!” என்றார். அந்தச் சொல் எனக்கும் தெளிவாகவே கேட்டது.

“அக்கா, மெதுவாச் சாப்பிடுங்க” என்றேன். இடது கையால் ஒன்றை எடுத்து வாயில் போட்டார். மென்றார். கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த நொடி புரையேறியது. இருமக்கூட பலமில்லாமல் உடம்பு துடித்தது. அண்ணன் அவரை முன்னால் சாய்த்து முதுகில் தட்டினார். நான் தண்ணீர் டம்ளரை எடுத்தேன். தண்ணீர் கொடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். ஒருவழியாக அந்தத் துண்டு வெளியே வந்தது.

கடைக்காரர் உள்ளே போய், குளிர்ந்த கெட்டியான தக்காளிச் சாறு ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து அக்காவின் முன் வைத்தார். அண்ணன் கரண்டியால் ஊட்டினார். அது இறங்கியது. கிண்ணம் பாதியானபோது அக்கா மீன் தட்டை அண்ணன் பக்கம் தள்ளினார்.

“எனக்கு வேண்டாம் ஸ்டெல்லா.”

அக்கா தட்டை இன்னும் தள்ளினார். “நீங்க சாப்பிடுங்க. எப்படி இருக்குன்னு சொல்லுங்க.” அவர் சொன்னதை அண்ணன் வழக்கம்போல எனக்குத் திருப்பிச் சொல்லவில்லை. ஆனால் புரிந்தது.

அண்ணன் சாப்பிட்டார். ஒவ்வொன்றாக, கண்ணீர் வழிய வழிய, தட்டு காலியாகும்வரை சாப்பிட்டார். அக்கா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்படி?”

“உப்பு கொஞ்சம் கூடுதல்.”

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவர் சமைத்த எதற்கும் அண்ணன் சொன்ன ஒரே அபிப்பிராயம் அதுதானாம்.

சாயங்காலம் அந்த ஊர் ஆட்டமான ஃபிளமென்கோ பார்க்கப் போனோம். சின்ன அரங்கம். ஒரு பெண் ஆடினார். வயதான ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து அடித்தொண்டையிலிருந்து பாடினார். கைதட்டலே தாளம். அக்காவின் வலது கை மடியில் கிடந்தது. நான் என் உள்ளங்கையை நீட்டினேன். இடது கையால் அதில் தாளம் போட்டார். ஓர் இடத்தில், கூடவே பாட நினைத்தார் போலிருக்கிறது. வாய் திறந்தது. காற்று மட்டும் வந்தது. வாயை மூடிக்கொண்டார். தாளத்தை மட்டும் நிறுத்தவில்லை. நான் மேடையைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வெளியே வந்ததும் அக்கா, அண்ணன் மூலம் கருத்துச் சொன்னார்: “அந்தப் பாட்டுக்காரருக்குத் தொண்டை கட்டியிருக்கு. இஞ்சி தட்டிப் போட்டுக் குடிக்கச் சொல்லணும்.”

ஊர் திரும்பியபின் எல்லாம் வேகமாக நடந்தது. டியூப் வந்தது. சக்கர நாற்காலி வந்தது. குரல் அறவே போனது. கண் அசைவால் திரையில் எழுத்துகளைத் தேர்ந்தெடுத்தால் உரக்கப் படிக்கும் ஓர் இயந்திரம் வைத்தார்கள். அதற்குத் தமிழ் தெரியாது. அக்கா ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவார். ‘வந்துட்டியா’ என்று அவர் கேட்டால் அது ‘வாண்டூட்டியா’ என்று வெள்ளைக்காரக் குரலில் கத்தும். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அக்காவின் கண்களும் சிரிக்கும்.

“மாம், ஜஸ்ட் டைப் இன் இங்கிலீஷ்!” என்பாள் நிஷா.

“மாட்டன்” என்று இயந்திரம் பதில் சொல்லும்.

சனிக்கிழமைகளில் போவேன். தலையணையைச் சரிசெய்வேன். உதட்டை ஈரத் துணியால் துடைப்பேன். வேறு என்ன செய்ய? மருத்துவர்களாலேயே ஆகாத காரியம். கடைசி முறை போனபோது அவருக்கு மிகவும் களைப்பு. நான் கிளம்பும்போது திரையில் எழுத்துகள் நகர்ந்தன. ‘நீ’ என்றது இயந்திரம். காத்திருந்தேன். கண்கள் மூடிக்கொண்டன. தூங்கிவிட்டார். நர்ஸ் வரும்வரை அருகிலேயே உட்கார்ந்திருந்தேன். நான் என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல வந்தாரோ தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை.

அடக்கத்தன்று கடுங்குளிர். கோயிலில் அவருடைய பாடகர் குழு பாடியது. பாதியில் நின்று, மறுபடி எடுத்துப் பாடியது. கல்லறைத் தோட்டத்தில் சாமியார் ஜெபித்து முடித்ததும் எல்லோரும் ஒவ்வொருவராகக் கார்களுக்குத் திரும்பினார்கள். சேவியர் அண்ணன் மட்டும் நின்றார். அப்போதுதான் கவனித்தேன், அவர் முழங்கையில் அக்காவின் குளிர்கோட்டு மடித்துத் தொங்கியது. எங்கே கிளம்பினாலும் அவருக்காக எடுத்து வருகிற பழக்கம். அன்றும் எடுத்து வந்துவிட்டார். வாங்கிக்கொள்ளலாம் என்று கையை நீட்டினேன். அவர் தரவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. இருவரும் அங்கேயே நின்றோம்.

போய் வாருங்கள், அக்கா.