பொழுது பார்க்கும் வேலை

அம்மாவின் இடது தாடையில் எலும்பை அறுத்து எடுத்த வருஷம் எனக்கு ஒன்பது வயது. கடைவாயில் ஒரு கட்டி என்றுதான் முதலில் சொன்னார்கள். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் இருபது நாள் கிடந்துவிட்டு, ஐப்பசி மழையில் பஸ்ஸை விட்டு இறங்கி, முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு செஞ்சிக்குத் திரும்பி வந்தாள். பேச்சு குழறியது. வேண்டியதைக் கையால்தான் காட்டினாள்.

காயம் ஆற வேண்டுமானால் நன்றாகச் சாப்பிட வேண்டும், முட்டையும் ஆட்டுக்கால் சூப்பும் கொடுங்கள் என்று டாக்டர் சொன்னாராம். “நாங்க நைனாருங்க, டாக்டர். கறி, முட்ட தொட மாட்டோம்” என்று நைனா, என் அப்பா, சொல்ல, அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்ப பால், பருப்பு, நெய். ரெண்டு மணிக்கொரு தரம். வயிறு காயவே கூடாது” என்றாராம்.

வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். மல்லாட்டை மண்டி வைத்திருந்த நைனாவுக்கு அதுவரை வீட்டில் உப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாது. மண்டியைக் கூட்டாளியிடம் விட்டுவிட்டு அடுப்படியில் வந்து உட்கார்ந்தார். பாசிப்பருப்பை வறுத்து, அரிசியோடு குழைய வேகவைத்து மசித்து, தன் பழைய வேட்டியைக் கிழித்து அதில் வடிகட்டினார். முதல் நாள் அடிப்பிடித்தது. இரண்டாம் நாள் கட்டி தட்டியது. ஒரு வாரத்தில் கேழ்வரகுப் பால், மல்லாட்டைப் பால், நெய் விட்டுக் கரைத்த பூசணிக்காய் என்று, தெருப் பெண்களே வந்து எட்டிப் பார்க்கும் பக்குவத்துக்கு வந்துவிட்டார்.

அம்மாவால் கரண்டியை வாயில் வாங்க முடியவில்லை. நான் கைக்குழந்தையாக இருந்தபோது எனக்குப் பால் புகட்டிய பாலாடையைத் தேடி எடுத்து, அதன் மூக்கை வலது கடைவாயில் வைத்து நைனா சொட்டுச் சொட்டாக ஊற்றுவார். ஒரு பாலாடை உள்ளே போவதற்குள் அடுத்தது ஆறிவிடும். பாதி மோவாயில் வழியும். மிஞ்சியதைக் கொட்டக் கூடாது என்று நான் குடித்துவிடுவேன். அந்த இரண்டு மாதத்தில் எங்கள் வீட்டில் நன்றாகத் தேறியது நான்தான். பார்க்க வந்தவர்கள் அம்மாவின் கையைப் பிடித்து அழுதுவிட்டு, போகும்போது என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்கள்.

எங்கள் சமணக் குடும்பங்களில் பொழுது போன பிறகு சாப்பிடுவதில்லை. அம்மா தண்ணீரைக்கூடத் தொட மாட்டாள். சூரியன் ராஜகிரி மலைக்குப் பின்னால் போனதும் எங்கள் தெரு சீக்கிரமே மங்கிவிடும். ஜன்னலில் வெயில் மறைந்த உடனே அம்மா பாலாடையைப் புறங்கையால் தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

“மல மறைச்சிருக்குது, அவ்ளோதான். இன்னும் பொழுது போவல. ரெண்டு வாய்” என்று நைனா கெஞ்சுவார். அவள் திரும்ப மாட்டாள்.

அப்படித்தான் எனக்கு அந்த வேலை வந்தது. தெருக்கோடியைத் தாண்டி ஏரிக்கரைமேல் ஏறி நின்றால் மலை விலகி மேற்கு தெரியும். சூரியன் இருக்கிறதா என்று பார்த்து ஓடி வந்து சொல்ல வேண்டும். இருக்கிறது என்று நான் சொன்னால் அம்மா இன்னும் இரண்டு பாலாடை குடிப்பாள்.

தொண்டூரிலிருந்து பெரியம்மா வந்திருந்தபோது, “சீக்காளிக்கு விலக்கு உண்டுன்னு பெரியவங்களே சொல்றாங்க. ராத்திரியில ஒரு டம்ளர் பாலு குடிச்சா இன்னா ஆயிடும்?” என்று கேட்டாள்.

அம்மா ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்து, “வேணாங்க்கா. பகலே போதும்” என்றாள்.

இவளைப் போல நோன்பு காப்பவள் நம் குடும்பத்தில் இல்லை என்று பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுநாள் பள்ளிக்கூடத்தில் அதை நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

கார்த்திகையில் அம்மாவின் வளையல்கள் முழங்கை வரை ஏறிப் போயின. காயம் ஆறவில்லை. ஒரு மத்தியானம் நைனா அடுப்பைப் பார்த்தபடி குலுங்கிக் குலுங்கி அழுவதைப் பார்த்தேன். அன்று மாலை நான் கரைமேல் ஏறியபோது சூரியன் இல்லை. மேற்கே சிவப்பு மட்டும் இருந்தது. திரும்பி ஓடி வந்தேன்.

“இருக்குதும்மா. இன்னும் இவ்ளோ இருக்குது” என்று விரல்களை அகட்டிக் காட்டினேன்.

சொல்லி முடிப்பதற்குள் பள்ளிவாசலில் பாங்கு எழுந்தது. பொழுது விழுந்த பிறகுதான் அந்தப் பாங்கு சொல்வார்கள் என்பது ஊருக்கே தெரியும். அதை அமுக்குவதற்காக நான் இன்னும் சத்தமாக, “நெஜமாம்மா, இருக்குது” என்றேன்.

நைனா தலை நிமிரவில்லை. அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு வாயைத் திறந்தாள். அன்று ஏழு பாலாடை குடித்தாள். ஒவ்வொன்று இறங்கும்போதும் அவள் கால் விரல்கள் மடங்கி மடங்கி விரிந்தன.

அடுத்த நாளும் சொன்னேன். மழை மூடிய நாட்களில்கூட, மேகத்துக்குப் பின்னால் இருக்குது என்றேன். அம்மா ஒரு நாளும் மறுக்கவில்லை. மார்கழிக் கடைசியில் ஊற்றியது தொண்டைக்குள் இறங்காமல் அப்படியே வெளியே வந்தது. பொங்கலுக்கு முன்பே போய்விட்டாள். நைனா வறுத்து வைத்த பாசிப்பருப்பு ஒரு டப்பா நிறைய மிச்சம் இருந்தது.

நாற்பது வயதைத் தாண்டி எனக்கு ஒரு கடைவாய்ப் பல்லை அறுத்து எடுத்தார்கள். ஒரே ஒரு பல். என் மகள் ஆறிய கஞ்சியைக் கிண்ணத்தில் கொண்டுவந்தாள். முதல் வாயிலேயே உயிர் போய் உயிர் வந்தது. இரண்டாவது வாய்க்கு அவள் கரண்டியை நீட்டியபோது, எதைச் சொல்லி இவளை நிறுத்துவது என்று நான் சாக்குத் தேடினேன்.

அம்மாவுக்கு வாய்த்த சாக்கு பொழுது போவது ஒன்றுதான். விடிந்ததிலிருந்து அதற்காகத்தான் காத்துக் கிடந்திருக்கிறாள். அதைத்தான் நான் தினமும் ஏரிக்கரைக்கு ஓடிப் போய்த் தள்ளிப் போட்டுவிட்டு வந்தேன். பொய் என்று தெரிந்தும் வாயைத் திறந்தாள்.

ஒன்பது வயதில் இது எதுவும் எனக்குத் தெரியவில்லை. அம்மா நம்பிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு, அந்த ஏழு பாலாடையை எண்ணி எண்ணிச் சந்தோஷமாகத் தூங்கிப் போனேன்.