ஒரு கேட்டுக்கு ஒன்பது சாவி

சாவிக்காரர் யாருக்கும் வாயை மூடிக்கொண்டு சாவி வெட்டிக் கொடுத்தவர் இல்லை. முதலில் ஒரு கேள்வி கேட்பார். "எந்த வீட்டுச் சாவி, உங்க கையில எப்படி வந்துச்சு?" சிரித்துக்கொண்டேதான் கேட்பார். பதில் சொல்லும்போது ஆள் எச்சில் விழுங்கினால் தீர்ந்தது. "மெஷினுக்குக் கரண்ட் இல்லீங்க, அடுத்த தெருவுல பாருங்க" என்பார், தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும்போதே. வருகிற கிராக்கியை விரட்டுகிற மனுஷனைக் கட்டிக்கொண்டோமே என்று அவர் மனைவிக்கு ரொம்ப நாள் வருத்தம்.

கடை ஆறடிக்கு எட்டடி. தகரக் கூரை, ஒரு மேஜை, சாவியை இறுக்கிப் பிடித்து அராவ ஒரு வைஸ், சாவி வெட்டும் மெஷின், சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் பல் வெட்டாத சாவிகள். பித்தளைத் தூள் அவர் மீசையில் இருக்கும், சட்டைப் பையில் இருக்கும், வீட்டுத் தலையணையில்கூட இருக்கும். வெட்டி முடித்த ஒவ்வொரு சாவியின் தலையிலும் ஆணி முனையால் மூன்று புள்ளி குத்துவார். என்றைக்காவது அது திரும்பி வந்தால், நம் பிள்ளை என்று அடையாளம் தெரிய வேண்டுமாம்.

அந்தக் கடை ஒரு பெரிய மனையின் முன்வரிசையில் இருந்தது. வரிசையில் ஐந்து கடைகள்: சாவிக்காரர், பக்கத்தில் மோட்டார் சைக்கிள் மெக்கானிக், அப்புறம் ஜெராக்ஸ் அக்கா, தையல்காரர், சலூன்காரர். பின்னால் விரிந்து கிடந்த காலி இடத்தில் மெக்கானிக்கின் செத்த வண்டிகள் துருப்பிடித்துக்கொண்டிருந்தன. மனைக்குச் சொந்தக்காரரைப் பெரியவர் என்பார்கள். அவர் போன பிறகு மகன் பொறுப்புக்கு வந்தார். அவர் சின்னவர்.

பெரியவர் இறந்த மறுநாள் பீரோச் சாவியைக் காணவில்லை என்று சாவிக்காரருக்கு ஆள் வந்தது. போனார். கம்பியை விட்டு ஐந்து நிமிஷம் தடவினார். பூட்டு விட்டுக்கொடுத்ததும், கதவைத் தொடாமல் எழுந்து, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அடுத்தவர் பீரோவுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமலிருப்பது அவர் தொழில் மரியாதை. காசு வாங்கவில்லை. சின்னவர் அழுத கண்ணோடு அவர் கையைப் பிடித்தார். "இனிமே அப்பா எடத்துல நீங்கதான் மாமா." சாவிக்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சொந்த அக்காள் பிள்ளைகள்கூட அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. கல்யாணப் பத்திரிகை நீட்டும்போதுதான் அவர்களுக்கு மாமா ஞாபகமே வரும்.

பிறகு ஊருக்குள் ஓடுகிற லைட் ரயில் வந்தது. வந்தது என்று சொல்லிவிடலாம், மூன்று வருஷம் வந்தது. கடைகளுக்கு முன்னால் ஆள் உயரத்துக்கு நீலத் தகரத் தடுப்பு. தடுப்புக்கும் கடைக்கும் நடுவில் ஒரு ஆள் உடம்பைத் திருப்பிக்கொண்டு போகிற சந்து. மழை பெய்தால் சேறு, பெய்யாவிட்டால் புழுதி. வண்டியே உள்ளே வர முடியாத இடத்தில் மெக்கானிக் என்ன செய்வார்? ஈ ஓட்டினார். அந்த நேரத்தில்தான் அவருக்கு பஸ் டிப்போவுக்கு எதிரே ஒரு கடை அமைந்தது. நல்ல கடை, நேர் ரோடு.

அதே வாரம் சின்னவர் சாவிக்காரர் கடையில் வந்து உட்கார்ந்தார்.

"மாமா, யாரையும் போக விடாதீங்க. நீங்க சொன்னா கேப்பாங்க. ஸ்டேஷன் தொறந்துட்டா இந்த எடத்துல காலு வைக்க முடியாது, அவ்வளவு கூட்டம் வரும். அஞ்சு கடையையும் புதுசா கட்டித் தரேன். மொத கடை உங்களுக்கு."

சாவிக்காரர் நேரே மெக்கானிக்கிடம் போனார். இருவரும் பதினைந்து வருஷமாக மச்சான் போட்டுப் பழகியவர்கள். ஒருவர் டீ குடித்தால் மற்றவர் பாதி பிடுங்கிக் குடிப்பார்.

"மச்சான், பல்லக் கடிச்சுக்கிட்டு இன்னும் கொஞ்ச நாள் இரு. தம்பி வாக்குக் குடுத்திருக்காரு."

"டிப்போக்காரன் நாளைக்குள்ள பதில் கேக்கறான்."

"வேணாம்னு சொல்லிடு. நான் இருக்கேன்ல?"

மெக்கானிக் கொஞ்ச நேரம் ஸ்பேனரைத் துடைத்தார். "நீ சொன்னா சரி மச்சான்" என்றார். மற்ற மூன்று பேரும் அதே பேச்சுக்குத்தான் தங்கினார்கள்.

சின்னவருக்கு ஏன் திடீரென்று இத்தனை அக்கறை என்பது பிற்பாடுதான் விளங்கியது. காலி மனை என்றால் ரயில் வேலைக்காரர்கள் கம்பி அடுக்கவும் சிமெண்டு கொட்டவும் கேட்டு எடுத்துக்கொள்வார்கள். அப்படிப் போன இடங்கள் வருஷக் கணக்கில் திரும்பவில்லை. ஐந்து கடை ஓடிக்கொண்டிருந்தால் கை வைக்கத் தயங்குவார்கள். காவலுக்கு ஆள் போட்டால் சம்பளம் கொடுக்க வேண்டும். இவர்கள் வாடகை கொடுத்துக் காவல் காத்தார்கள். என்ன மூளை பாருங்கள்.

ஒருவழியாகத் தடுப்பை எடுத்தார்கள். நிலையம் கண்ணாடியும் இரும்புமாக எழுந்து நின்றது. ஆளில்லாத ரயில் சோதனைக்கு இப்படியும் அப்படியும் ஓடியது. சின்னவர் மனையின் பக்கவாட்டில் ஒரு இரும்பு கேட் போட்டார், திருட்டுப் பயமாம். பூட்டைத் தேர்ந்தெடுத்தது சாவிக்காரர், பொருத்தியதும் அவர். கடைக்கு ஒன்றாக ஐந்து சாவி, சின்னவருக்கு ஒன்று. "மொத்தம் ஆறே ஆறு, ஏழாவது கிடையாது" என்று எல்லாரையும் நிறுத்திச் சொல்லி, கையில் கொடுத்தார்.

பத்து நாள் கழித்து சின்னவர் போன் செய்தார். "மாமா, இன்னும் மூணு சாவி வேணுமே." சாவிக்காரர் வெட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தார். யாருக்கு என்று கேட்கவில்லை. ஊரையே கேட்கிற மனுஷன் இவரிடம் மட்டும் கேட்கவில்லை. மாமா என்று கூப்பிடுகிறவரிடம் எப்படிக் கேட்பது? கேட்டால் தப்பாக நினைத்துக்கொள்வாரே. மற்ற நாலு பேரிடம் அதைச் சொல்லவும் தோன்றவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். மடிப்புக் கலையாத சட்டை போட்ட ஒருவர், கழுத்தில் அடையாள அட்டை, கையில் அளவெடுக்கும் கருவி, வந்து மேஜைமேல் ஒரு சாவியை வைத்தார்.

"இதுல ரெண்டு போட்டுக் குடுங்க. அவசரம்."

சாவிக்காரர் எடுத்துப் புரட்டினார். தலையில் மூன்று புள்ளி.

"எந்த வீட்டுச் சாவி சார், உங்க கையில எப்படி வந்துச்சு?"

"வீடெல்லாம் இல்ல, இதோ இந்த எடம்தான். விலைக்கு வந்திருக்கு, நாங்கதான் வித்துக் குடுக்கறோம். ஞாயித்துக்கிழமை பார்ட்டிகளக் கூட்டிட்டு வந்து காட்டறோம். ஒரே சாவிய வச்சுக்கிட்டு நாலு பேரு அல்லாடறோம்."

ஞாயிற்றுக்கிழமை ஐந்து கடையும் அடைப்பு. அவர் போனில் படத்தைக் காட்டினார். விற்பனைக்கு, வணிக மனை, புதிய லைட் ரயில் நிலையத்திலிருந்து நாற்பது அடி, எந்தத் தடையும் இல்லாத காலி இடம். எங்கேயிருந்து எடுத்தார்களோ, படத்தில் நிலையம் இருந்தது, வானம் இருந்தது, செத்த வண்டிகளைக்கூட ஒதுக்கிவிட்டிருந்தார்கள். ஐந்து கடைகளில் ஒன்றின் ஓரம்கூட இல்லை.

"இந்தக் கடைங்கல்லாம்?" என்றார் சாவிக்காரர்.

"அது பிரச்சனை இல்லீங்க. இங்க ஒரு மாமா இருக்காராம், அவர் சொன்னா எல்லாரும் கேப்பாங்களாம். அவர்கிட்டப் பேசி முடிச்சாச்சு, அவரே காலி பண்ணிக் குடுத்துருவாருன்னு ஓனர் சொல்லிட்டாரு."

"மெஷினுக்குக் கரண்ட் இல்லீங்க" என்று சாவிக்காரர் சாவியைத் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த அரைமணியில் சாவிக்காரர் சின்னவரின் ஆபீஸில் நின்றார். சின்னவர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

"விக்கறதா இருந்தா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா தம்பி?"

"சொன்னா நீங்க மனசுல வச்சுக்க மாட்டீங்க மாமா. நேரா போய் எல்லார்கிட்டயும் சொல்லிருவீங்க. அதான்."

"நான் காலி பண்ணிக் குடுக்கறேன்னு எப்பச் சொன்னேன்?"

"அது ஒரு பேச்சுக்கு. வாங்கறவனுக்கு ஒரு தைரியம் வேணுமில்ல?"

"அதுக்கு நான்தான் கெடச்சேனா?"

சின்னவர் குரலை இறக்கினார். "உங்கள விட்டுருவேனா மாமா? ஸ்டேஷனுக்குள்ளயே, டிக்கெட் கவுன்ட்டர் பக்கத்துல, உங்களுக்கு மட்டும் ஒரு சின்ன எடம் பேசி வச்சிருக்கேன். ஏசி. மத்தவங்களுக்கு மாசக் கடைசியில நோட்டீஸ் போகும். அதுவரைக்கும் நீங்க ஒண்ணும் தெரியாத மாதிரி இருந்தாப் போதும்."

சாவிக்காரருக்கு ஒரு நிமிஷம் ஆசை வந்தது. மறைப்பானேன்? வயது அறுபதுக்குப் பக்கம், தகரக் கூரையின் கீழ் வெந்தது போதும் என்று அவருக்கும் இருக்காதா? அந்த ஆசை வந்ததற்காகவே அவருக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது. எழுந்தார்.

"எனக்கு உங்க எடமும் வேணாம், ஒண்ணும் வேணாம். மாமான்னு மட்டும் இனிமே கூப்பிடாதீங்க."

ஏமாந்தது அவருக்குப் புதிதில்லை. வாழ்க்கையில் எத்தனையோ பேர் ஏமாற்றியிருக்கிறார்கள். சின்னவர் ஏமாற்ற எடுத்துக்கொண்டது அவருடைய நல்ல பெயரை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. நடந்தே வந்தார். போனதும் நாலு பேரையும் உட்கார வைத்து ஒன்று விடாமல் சொல்லிவிட வேண்டும், சொன்னால் மனசு ஆறும், ஐந்து பேரும் சேர்ந்து சின்னவர் வீட்டு வாசலில் நிற்கலாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தார்.

மெக்கானிக் கடையில் எல்லாரும் கூடினார்கள். சாவிக்காரர் படத்தைச் சொன்னார், நோட்டீஸைச் சொன்னார், பேசி முடித்த மாமா கதையைச் சொன்னார், ஏசி இடத்தையும் சொன்னார். எதையும் விழுங்கவில்லை. தையல்காரர் சின்னவரை வாய்க்கு வந்தபடி திட்டினார். சலூன்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஜெராக்ஸ் அக்காதான் மெதுவாகக் கேட்டார்.

"அந்த ஆளு கைக்கு கேட் சாவி எப்படிண்ணே வந்துச்சு?"

"நான் வெட்டுனதுதான்மா."

"மொத்தம் எத்தன வெட்டுனீங்க?"

"ஒன்பது."

"எங்ககிட்ட ஆறுன்னீங்களே?"

சாவிக்காரர் வாயைத் திறந்தார். சின்னவர் அப்புறம் கேட்டார், மாமா என்று கேட்டார், அதனால் கொடுத்தேன் என்று சொல்லத்தான் சொன்னார். சொல்லச் சொல்ல அது பொய் மாதிரியே அவர் காதில் விழுந்தது.

மெக்கானிக் பழந்துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தார். "உனக்கு மட்டும் எதுக்கு ஸ்டேஷனுக்குள்ள எடம் பேசி வச்சான்?"

"என் வாய அடைக்கத்தான் மச்சான். நான்தான் வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டேனே."

"இன்னைக்குத்தான் தெரியுமா உனக்கு?"

"சத்தியமா இன்னைக்குத்தான்."

"டிப்போ கடைய விடச் சொன்னது யாரு?"

"...நான்தான்."

"சரி" என்றார் மெக்கானிக். அவ்வளவுதான் பேச்சு. திட்டியிருந்தால் தேவலை என்று சாவிக்காரருக்கு இருந்தது. ஆளாளுக்கு எழுந்து தங்கள் கடைக்குப் போனார்கள்.

மறுநாள் காலை சாவிக்காரர் வரும்போது மெக்கானிக் தன் ஷட்டருக்கு முன்னால் குந்தியிருந்தார். எங்கேயோ பெரிய கடையில் வாங்கிய புதுப் பூட்டு. கிழிந்த அட்டை காலடியில் கிடந்தது. பழைய பூட்டு, சாவிக்காரர் பார்த்து வாங்கிக் கொடுத்தது, சாவியோடு படியில் இருந்தது. புதுப் பூட்டின் வளையம் கொக்கித் துளைக்குள் நுழையவில்லை. மெக்கானிக் திருகினார், அழுத்தினார், சுத்தியலை எடுத்தார். துளை நூலளவு சின்னது, இரண்டு தேய் தேய்த்தால் போதும் என்று பத்தடி தள்ளியிருந்தே சாவிக்காரருக்குத் தெரிந்துவிட்டது. உருட்டு அரத்தை எடுத்துக்கொண்டு போனார்.

"துளைதான் சின்னது மச்சான். இப்படிக் குடு, ஒரு நிமிஷம்."

"இருக்கட்டும் சார். நான் பாத்துக்கறேன்."

சாவிக்காரர் அரத்தைப் பிடித்தபடி நின்றார். மெக்கானிக் நாலு அடி அடித்து வளையத்தை உள்ளே ஏற்றினார். பூட்டிப் பார்த்தார். திறந்து பார்ப்பதற்குப் பையிலிருந்து சாவியை எடுத்தவர், ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு இடது உள்ளங்கையைக் குவித்து, சாவியின் பல் வெளியே தெரியாதபடி மூடிக்கொண்டு, பூட்டுக்குள் விட்டார்.

"நான் பாக்கல மச்சான்" என்றார் சாவிக்காரர்.

மெக்கானிக் சாவியை உள்பைக்குள் போட்டுக்கொண்டு ஷட்டரைத் தூக்கினார்.